நூல் அடித்த பலகைகள்

எமே த்ரூஷோ இறந்த ஐந்தாவது வாரம், ஜனவரியின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மகள் ஓதில் லியோனிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். சோன் ஆறு கரை மீறியிருந்தது. படகுத்துறையின் கடைசி நான்கு படிகள் தண்ணீருக்குள் இருந்தன. வண்டியை நிறுத்தியதும் பாலத்துத் தூணில் நீர்மட்டக் குறியைப் பார்த்தாள். மூன்று மீட்டர் பத்து. பாலங்களைச் சோதிப்பது அவள் தொழில். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தூண்களைப் பார்ப்பாள், மனிதர்களைப் பிறகு.

மியூசியத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று அத்தை சொலாஞ்ச் போனில் சொல்லியிருந்தாள்.

"உங்கப்பன் பலகையெல்லாம் பாக்கணுமாம். வந்து சேரு. அந்த மாதிரி ஆளுங்ககிட்ட எனக்குப் பேசத் தெரியாது."

அது பொய். அத்தை நாற்பது வருடங்களாகத் துறைக்கு எதிரே 'நங்கூரம்' என்ற காபிக்கடையை நடத்துகிறவள். வரி அதிகாரியையும் பாதிரியாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து இருவரையும் திட்டக்கூடியவள். ஓதிலை வரவழைக்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அடக்கம் முடிந்த அன்று மாலையே ஓதில் கிளம்பிப் போனதை அத்தை மறக்கவில்லை.

எமே சரக்குப் படகில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது படகு நின்ற ஊர்களில், நின்ற நாட்களில் மட்டும். பதினான்கு வயதில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தார், அறுபது வயதில் அங்கிருந்தே ஓய்வு பெற்றார். கரையேற்றிய படகின் அடிப்பாகத்தைச் சுரண்டுவது, துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பூச்சு அடிப்பது, அதன்மேல் கறுப்பு, பிறகு தண்ணீர் எட்டும் மட்டத்தைக் காட்டும் நீர்க்கோடு. நீர்க்கோட்டுக்கு நூல் அடிக்க வேண்டும். சுண்ணப்பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால், படகின் உடம்பில் ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தப் பட்டறையில் எமே அடித்த நூல் ஒரு நாளும் தப்பியதில்லை.

ஐம்பத்தாறாம் வருடப் பிப்ரவரியில் ஆறு உறைந்தது. மூன்று வாரம் வேலை இல்லை. எமே ஒரு பழைய படகுமூடிப் பலகையை எடுத்து, பட்டறையில் மீந்த சாயத்தால் ஒரு படகை வரைந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓவியம் என்று அவர் பார்த்திருந்தது கோயிலில் இருந்த ஒரு படமும் மதுப்புட்டிகளின் லேபிள்களும்தான். அவருடைய படகுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரியும், மேல்தளமும் தெரியும். அது ஆற்றில் படுத்திருக்காது, எழுந்து நிற்கும். மேல்தளத்தில் துணி உலர்த்தும் அவருடைய மனைவி ழெர்மேன் பாலத்தை விடப் பெரியவளாக இருப்பாள். நாய் கோயிலை விடப் பெரிதாக இருக்கும். பதினேழு வருடத்தில் அப்படிப் பதினாறு பலகைகள். ழெர்மேன் அறுபத்தைந்தாம் வருடம் இறந்தாள். அதற்குப் பிறகு வந்த பலகைகளில் அவள் இன்னும் பெரியவளானாள். அம்மா இறந்தபோது ஓதிலுக்குப் பதினொரு வயது.

அந்தப் பதினாறில் இப்போது மிஞ்சியிருப்பது நான்கு. அதில் ஒன்று அத்தையின் கடையில், காபி இயந்திரத்துக்கு மேலே தொங்குகிறது. மியூசியத்துப் பெண் அதன் முன்னால் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் பெயர் மதாம் லெஸ்கூர். முப்பத்தைந்து வயது இருக்கும், காலில் சேறு. தானாகக் கற்றவர்களின் ஓவியங்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு சிறிய மியூசியத்திலிருந்து வந்திருந்தாள்.

"இது எப்ப வரைஞ்சது?"

"அறுபத்தெட்டு," என்றாள் அத்தை. "வேலைநிறுத்தம். பட்டறை மூடிக் கிடந்துச்சு. தினம் இங்க வந்து உக்காந்து என் உயிரை வாங்கினான். போய் ஏதாவது வரைடான்னு விரட்டினேன்."

"அந்த நாய் ஏன் கோயிலை விடப் பெரிசா இருக்கு?"

கவுன்ட்டரில் சாய்ந்திருந்த பாஸ்தியன் திரும்பினான். ஓய்வு பெற்ற படகோட்டி. எமேயோடு ஐம்பது வருடம் சீட்டாடி, ஐம்பது வருடமும் ஏமாற்றியவன்.

"அந்த நாய் என்னை ரெண்டு தடவை கடிச்சிருக்கு மதாம். கோயில் கடிச்சதே இல்ல."

மதாம் லெஸ்கூர் சிரித்தாள். பிறகு ஓதிலைப் பார்த்து, "அப்பாவோட கொட்டகையில இருக்கற மத்ததையும் காலைல பாத்துட்டேன். அறுபத்தொண்ணு இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உக்காருவோமா?" என்றாள்.

மூன்று அரசர்கள் திருநாள் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அத்தை அடுப்பிலிருந்து வட்டக் கேக்கை எடுத்து வெட்டினாள். உள்ளே எங்கோ 'மணி' என்று சொல்லும் ஒரு குட்டிப் பீங்கான் உருவம் ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா, அல்லது ராணி. தங்கக் காகிதக் கிரீடம் மேசை நடுவில் தயாராக இருந்தது.

"துக்க வீட்டுல இதெல்லாமா அத்தை?"

"உங்கப்பன் ஒரு வருஷம்கூட விட்டதில்ல. அவனுக்கும் ஒரு துண்டு வெச்சிருக்கேன். பேசாம சாப்பிடு."

மதாம் லெஸ்கூர் சாப்பிடவில்லை. "எழுபத்து மூணு வரைக்கும் இவர் ஒரு அதிசயம். அதுக்கப்புறம் என்னமோ ஆகியிருக்கு. அந்த அறுபத்தொரு பலகையிலும் கோடு எல்லாம் சரி, தூரம் சரி, அளவு சரி. ஆனா உயிர் இல்ல. சாயத்துக்கு அடியில சுண்ணக்கோடு தெரியுது, எல்லாம் ஒரே புள்ளிக்குப் போகுது. பழசையும் சுரண்டிட்டு அதே பலகையில திருத்தியிருக்கார். யாரோ இவருக்குப் பாடம் எடுத்திருக்காங்க. யார்னு தேடினேன். இது கொட்டகைச் சுவர்ல ஆணி அடிச்சு இருந்துச்சு."

கண்ணாடித் தாள் உறைக்குள் பழுப்பேறிய ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள். தட்டச்சு செய்த ஒரு முழுப் பக்கம். நான்கு மூலையிலும் ஆணித்துளை. ஓரமெல்லாம் சாய விரல் தடம். சில வரிகளின் கீழ் சிவப்புப் பூச்சால் கோடு இழுத்திருந்தது.

மதாம் லெஸ்கூர் அந்த வரிகளை மட்டும் வாசித்தாள். "'தங்கள் இரு படைப்புகளையும் நடுவர் குழு ஏற்க இயலவில்லை. ஒரு பொருளின் இணைகோடுகள் தொலைவில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். தொலைவில் உள்ளது சிறிதாக இருக்க வேண்டும். தங்கள் படகு மிதக்கவில்லை, எழுந்து நிற்கிறது. இவ்விதிகளைக் கற்றபின் மீண்டும் முயலலாம். எச். வால்க்ரோஸ், செயலாளர்.'"

"நாசமாப் போறவன்," என்றாள் அத்தை.

அந்த நேரத்தில் ஓதிலின் பல்லில் ஏதோ இடறியது. வாயிலிருந்த கேக்கை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மணியை நாக்கால் கன்னத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தன் வாயும் அசையலியே," என்றான் பாஸ்தியன். "மணி யார்கிட்ட? ஓதில், கன்னம் என்ன வீங்கியிருக்கு? பாரு, திருட்டு முழி! சொலாஞ்ச், உன் மருமகதான் ராணி!"

அத்தை கிரீடத்தை எடுத்து ஓதிலின் தலையில் வைத்து அழுத்தினாள். தலைக்குச் சிறியது. கழன்று நெற்றிக்கு வந்தது.

"இந்தக் கடிதத்தைக் காட்சியில வைக்கணும்," என்றாள் மதாம் லெஸ்கூர். "ஒரு பக்கம் பழைய நாலு பலகை. ஒரு பக்கம் அறுபத்தொண்ணு. நடுவுல இந்தக் காகிதம், எழுதினவன் பேரோட. வால்க்ரோஸ்னு லியோன்ல யாரையும் நான் கேள்விப்பட்டதில்ல. அப்பா இவனைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?"

"அவ சொல்லுவா," என்றாள் அத்தை. "வருஷா வருஷம் புத்தாண்டு வாழ்த்து அட்டையை அவதானே கொண்டுபோய்க் குடுப்பா. 'உன் ஊர்க்காரர்தானே, கையில குடுத்துடு, தபால்ல போட்டா தொலைஞ்சுடும்'னு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடுத்து அனுப்புவான். இருபத்தஞ்சு வருஷம். அந்தப் பெரிய மனுஷன் ஒரு வரி பதில் போடல."

ஓதில் மணியைக் கைக்குட்டையில் துப்பினாள். நீல நிறத்தில் சின்னப் படகு.

"அவர் வீடு மாறிட்டார்," என்றாள். "எங்க இருக்கார்னு தெரியாது."

கிளம்பும்போது அத்தை கல்லாப்பெட்டிக்குக் கீழிருந்து ஒரு உறையை எடுத்து அவள் கோட்டுப் பையில் திணித்தாள். எமேயின் கையெழுத்து. திரு. வால்க்ரோஸ், ஓவியக் காட்சி, லியோன்.

"நவம்பர்லயே எழுதி வெச்சுட்டான். அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் குடு. எழுதினவன் செத்துட்டான்னும் சொல்லு. மாசம் முடியறதுக்குள்ள வாழ்த்து போய்ச் சேரணும், தெரியுமில்ல?"

வால்க்ரோஸ் என்று யாரும் இல்லை.

எழுபத்து மூன்றில் ஓதிலுக்குப் பத்தொன்பது வயது. லியோனில் தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் தொழிலாளர்களின் ஓவியங்களுக்கென்று ஒரு காட்சி அறிவித்திருந்தார்கள். எமே இரண்டு பலகைகளைக் கம்பளியில் சுற்றி, கயிறு கட்டி, ரயில் நிலையத்தில் அவளிடம் கொடுத்தார்.

"கனமா இருக்கா?"

"இல்லப்பா."

"சாயம் காஞ்சுடுச்சு. பயப்படாதே."

ரயிலில் அவளுடைய வகுப்பைச் சேர்ந்த மூன்று பேர் ஏறினார்கள். கம்பளி நழுவியது. ஒருவன் பலகையைத் தூக்கிப் பிடித்தான். "ஐயோ, இந்தப் படகைப் பாருங்கடா, பின்னங்கால்ல நிக்கற மாடு மாதிரி! பாலத்தை விடப் பெரிய பொம்பள! யார் வரைஞ்சது?"

"எங்க ஊர்ல ஒருத்தர்," என்றாள் ஓதில். "கொஞ்சம் மூளை சரியில்லாதவர். கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னாங்க."

அவளும் சிரித்தாள். அந்தப் பெரிய பெண் அவளுடைய அம்மா.

பலகைகளை அவள் காட்சிக்குக் கொண்டுபோகவில்லை. விடுதியில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஆறு வாரம் வைத்திருந்தாள். என்ன ஆயிற்று என்று அப்பா மூன்று கடிதம் எழுதினார். நான்காவது வருவதற்கு முன் கல்லூரியின் தட்டச்சு இயந்திரத்தில் உட்கார்ந்தாள். வெறும் மறுப்பு என்றால் நம்பமாட்டார், காரணம் வேண்டும். அந்த வாரம் வகுப்பில் நடந்த பாடத்தையே காரணமாக எழுதினாள். பெயரை ஒரு மருந்துக்கடைப் பலகையிலிருந்து எடுத்தாள். பிழை இல்லாமல் வரும்வரை இரண்டு முறை அடித்தாள். ஈஸ்டருக்குப் பலகைகளையும் கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எமே அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்காரே," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஈஸ்டருக்குள் பன்னிரண்டு பலகைகளைப் படகு சுரண்டும் இரும்பால் சுரண்டி முடித்திருந்தார். மற்ற நான்கு அடுத்தவர்களிடம் இருந்ததால் தப்பின. சுரண்டிய பலகையில் நூல் அடித்து, எல்லாக் கோட்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுபோய், மறுபடி வரைந்தார். அவரை விட நேராக நூல் அடிக்க அந்த ஆற்றில் யார் இருந்தார்கள்?

சொல்லிவிடலாம் என்று ஓதில் நினைத்ததுண்டு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு, அடுத்த கோடைக்கு என்று தள்ளிப்போட்டாள். முதல் வாழ்த்து அட்டையை மட்டும் பிரித்தாள். 'ஐயா, தாங்கள் சொன்னபடி செய்துவருகிறேன்' என்று இருந்தது. அதற்குப் பிறகு வந்த எதையும் பிரிக்கவில்லை, எறியவும் இல்லை. செருப்புப் பெட்டி ஒன்றில் போட்டுக்கொண்டே வந்தாள். மூன்று முறை வீடு மாறினாள். பெட்டியும் கூடவே வந்தது.

ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி, அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு 'நங்கூர'த்துக்குள் வந்தாள். தண்ணீர் இறங்கியிருந்தது. கடையில் பாதி மேசைகள் நிறைந்திருந்தன. அவள் அத்தையைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அத்தை வரவில்லை.

"இங்கயே சொல்லு. கையில வேலை இருக்கு."

ஓதில் சொன்னாள். வேலை அறிக்கை எழுதுவது போல, தேதி வரிசையில், எதையும் விடாமல் சொன்னாள். ரயிலில் சிரித்ததையும் சொன்னாள். அத்தை கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அது துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்தியன் தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"அந்தக் கடிதம் வந்த வருஷம்," என்றாள் அத்தை கடைசியில், "கொட்டகைக்குப் போனேன். பெரிய பலகை ஒண்ணு, உங்கம்மா துணி காயப்போடறது. பாத்தா அவளைக் காணோம். எங்கடா ழெர்மேன்னு கேட்டேன். விரலால தொட்டுக் காமிச்சான். நகத்து அளவுக்கு இருந்தா. 'அவ தூரத்துல இருக்கா சொலாஞ்ச். தூரத்துல இருக்கறது சின்னதாத்தான் தெரியணும்'னான். எவ்வளவு பொறுமையா எனக்குச் சொல்லிக் குடுத்தான் தெரியுமா? உன் பாடத்தை."

அத்தை கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அட்டையெல்லாம் எங்க?"

பெட்டியைக் கவுன்ட்டரில் வைத்தாள். அத்தை மேலிருந்து ஒன்றை எடுத்து, துண்டில் கையைத் துடைத்துப் பிரித்து, கண்ணாடி இல்லாததால் தூரப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"'அன்புள்ள திரு. வால்க்ரோஸ், புத்தாண்டு வாழ்த்துகள். இந்த ஆண்டு மூன்று பலகைகள். கோடுகள் சேருகின்றன. என் மகளிடம் காட்டுவதில்லை. பாலங்களைப் பார்க்கிறாள், அவளுக்கு நேரமில்லை. என் பலகைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியவர் தாங்கள் ஒருவர்தான். அதை நான் மறப்பதில்லை.'"

அத்தை அதை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தாள். மற்றவற்றைப் பிரிக்கவில்லை.

"கடைசியா எழுதினது இருக்கில்ல? உனக்கு வந்தது. நீ படி."

ஓதில் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். எழுத்து சாய்ந்து, வரி கீழே இறங்கியிருந்தது.

'ஐயா, இந்த ஆண்டு கண் சரியில்லை. நூலின் மறுமுனை தெரியவில்லை. நூல் அடிக்காமலே ஒரு பலகை வரைந்துவிட்டேன். எல்லாம் பழையபடி தவறாக வந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தங்களுக்குச் செய்தது மரியாதை இல்லை என்று தெரியும். மன்னிக்கவும்.'

பாஸ்தியன்தான் எழுந்து போய் எடுத்துவந்தான். எமேயின் வீடு அங்கிருந்து நான்கு வீடு தள்ளி இருந்தது. பலகையை இரண்டு நாற்காலிகள்மேல் நிறுத்தினான். படகு எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் தெரிந்தது. ஆறு மேல்நோக்கிப் போனது. ழெர்மேன் பலகையின் பாதியை நிறைத்துக்கொண்டு துணி உலர்த்தினாள். அவள் காலடியில் ஒரு சின்னப் பெண். பட்டறையில் துருவைத் தடுக்கும் அந்தச் சிவப்பில், கையில் அளவுகோலோடு. அவள் மட்டும் சின்னவளாக இருந்தாள். மூலைகள் இன்னும் முழுதாகக் காயவில்லை. விரல் வைத்தால் ஒட்டும்.

ஓதில் விரலை வைக்கவில்லை.

"அழணும்னா சமையலறைக்குப் போ," என்றாள் அத்தை. "அப்புறம் அழலாம். முதல்ல அந்த மியூசியக்காரிக்கு போன் போடு. இங்கேருந்தே."

தொலைபேசி கவுன்ட்டரின் கோடியில், சர்க்கரைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. யாரோ காபி இயந்திரத்தை நிறுத்தினார்கள். மதாம் லெஸ்கூர் வீட்டில்தான் இருந்தாள்.

"ஓதில் த்ரூஷோ பேசறேன். ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க. இன்னொரு பலகை கிடைச்சிருக்கு. போன நவம்பர்ல வரைஞ்சது. நூல் அடிக்காதது. அப்புறம் அந்தக் கடிதம்... எழுதினவங்க யார்னு தெரிஞ்சுடுச்சு."

"அப்படியா? இருங்க, பேனா எடுத்துக்கறேன். சொல்லுங்க, எப்படி எழுதணும்?"

ஓதில் அத்தையைப் பார்த்தாள். அத்தை வேறு எங்கும் பார்க்கவில்லை.

"த்ரூஷோ," என்றாள்.

"இல்ல, ஓவியர் பேரு இல்ல. கடிதம் எழுதினவங்க பேரு."

"அதைத்தான் சொல்றேன். ஓதில் த்ரூஷோ. கீழ 'மகள்'னு போடுங்க."

மறுமுனையில் பேனா நகரும் சத்தம் கேட்கவில்லை. ஓதில் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள், அது நகரும்வரை.